மருந்துச் சரக்கில் பூஞ்சண நஞ்சு: கொழும்பில் புதிதாக வாங்கி வைக்கிறவர்களுக்கு

தங்கச்சிக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது என்றதும் யாழ்ப்பாணத்தில் இருந்து அம்மா இரண்டு கிலோ சரக்குத்தூள் அனுப்பினார். வேர்க்கொம்பு (சுக்கு), மிளகு, மல்லி, நற்சீரகம், திப்பிலி, மஞ்சள் எல்லாவற்றையும் காய வைத்து, பக்குவமாக வறுத்து, இடித்து, அரித்து, இரண்டு பொலித்தீன் பைகளில் இறுகக் கட்டி இரவு பஸ்ஸில் போட்டுவிட்டார். எங்கள் ஃபிளாட் வெள்ளவத்தையில், கடலில் இருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. பைகளை அடுப்புக்கு மேலே இருந்த தட்டில் வைத்தோம், சூடான இடம், பழுதாகாது என்று நினைத்து. ஒன்பது கிழமை கழித்து இரண்டாவது பையை அவிழ்த்தபோது மூலையில் தூள் கட்டிபட்டுக் கிடந்தது. ஒரு கட்டியை விரலால் உடைத்தேன். உள்ளே சாம்பலும் பச்சையும் கலந்த நிறம், மழையில் நனைந்த சாக்கின் மணம்.

"கட்டியை எடுத்தெறிந்துவிட்டு மிச்சத்தை வறுத்தால் சரியாகிவிடும்" என்று மாமி சொன்னார். நானும் அதுவரை அப்படித்தான் நம்பியிருந்தேன். தற்செயலாக அன்று பின்னேரம் தங்கச்சியைப் பார்க்க வந்த சித்த வைத்தியர் பையை ஒருமுறை பார்த்துவிட்டு, முழுவதையும் கொட்டச் சொன்னார். பால் கொடுக்கிற தாய்க்கு இதைச் சமைத்துக் கொடுக்கவே கூடாது என்றார். ஏன் என்று தேடிப் படிக்கத் தொடங்கியதில் இருந்து தெரிந்துகொண்டதை, கொழும்புக்குப் புதிதாக வந்தவர்களுக்கும் நாட்டு மருந்துக்குப் புதியவர்களுக்கும் பயன்படும்படி இங்கே எழுதுகிறேன்.

முதலில், நஞ்சு என்று எதைச் சொல்கிறோம்

நாம் கண்ணால் பார்ப்பது பூஞ்சணம். அது வளரும்போது உள்ளே விட்டுவிட்டுப் போகிற இரசாயனம்தான் நஞ்சு. இரண்டும் வேறு வேறு என்பது மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். பூஞ்சணத்தைத் துடைக்கலாம், வெயிலில் கொல்லலாம், வறுத்து அழிக்கலாம். நஞ்சு அப்படியே இருக்கும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, ருசியும் இல்லை. பூஞ்சணம் பிடித்த சரக்கைத் தட்டித் துடைத்து, காய வைத்து, அழகாகத் தூளாக்கி விற்றால் உங்கள் மூக்கும் நாக்கும் கண்டுபிடிக்காது.

இதில் பெரியவன் அஃப்லாடொக்சின். 1960 இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப் பார்த்தபோது பிரேசிலில் இருந்து வந்த கச்சான் பிண்ணாக்குத் தீனியில் இந்த நஞ்சு இருந்தது. அஸ்பெர்ஜிலஸ் ஃபிளேவஸ், அஸ்பெர்ஜிலஸ் பாரசிட்டிகஸ் என்ற இரண்டு பூஞ்சணங்கள்தான் இதைப் பெரும்பாலும் உண்டாக்குகின்றன. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியானவற்றின் முதலாம் பிரிவில் வைத்திருக்கிறது. தாக்குவது கல்லீரலை. ஹெப்படைட்டிஸ் பி இருக்கிறவர்களுக்கு இந்த நஞ்சும் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்காகும். இன்னொருவன் ஒக்ராடொக்சின், அது சிறுநீரகத்துக்குக் கெடுதல்.

பால் கொடுக்கிற தாயைப் பற்றி வைத்தியர் சொன்னதன் காரணமும் இதுதான். அஃப்லாடொக்சினில் முக்கிய வகையான பி1 உடலுக்குள் போனதும் அதில் ஒரு பகுதி எம்1 என்ற வடிவத்துக்கு மாறித் தாய்ப்பாலில் வரும். பசுவுக்குப் பழுதான தீனி போட்டால் பசும்பாலில் வருவதும் அதுவே.

பயந்து எல்லாவற்றையும் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒரு கிலோவில் 20 மைக்ரோகிராம் நஞ்சு இருக்கிற தூளை நாளுக்கு 5 கிராம் எடுத்தால் உடலுக்குள் போவது 0.1 மைக்ரோகிராம். ஒருநாள் குடித்த மல்லித் தண்ணியால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் நாட்டு மருந்தை நாம் ஒருநாளில் நிறுத்துவதில்லையே, மூன்று மாதம், ஆறு மாதம், சிலர் வருடக்கணக்கில் ஒவ்வொரு காலையும் எடுக்கிறார்கள், அதுவும் ஏற்கெனவே உடம்பு சரியில்லாதவர்கள், கைக்குழந்தைகள், பிள்ளை பெற்றவர்கள். என் கவலை அவர்களைப் பற்றித்தான்.

கொழும்பு ஏன் கெட்ட இடம்

இந்தப் பூஞ்சணத்துக்கு நஞ்சு செய்ய மிகவும் பிடித்த வெப்பநிலை 25 முதல் 35 பாகை. நம் சமையலறையில் வருடம் முழுவதும் அதே சூடு. அடுத்து ஈரம். காய்ந்த சரக்கு காற்றில் இருந்து ஈரத்தை உறிஞ்சும், சுற்றி இருக்கிற காற்றின் ஈரப்பதத்துக்குச் சமமாகும் வரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 65 வீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சணம் தலையெடுக்காது. 70 ஐத் தாண்டினால் சில வகைகள் தொடங்கும், 80 ஐத் தாண்டினால் அஃப்லாடொக்சின் செய்கிறவனுக்குக் கொண்டாட்டம். கொழும்புக் காற்று பெரும்பாலான நாட்களில் 70 க்கு மேலேதான். யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ சொர சொர என்று காய்ந்து வந்த சாமான் இங்கே திறந்த பையில் இருந்தால் சில நாட்களில் பதத்துவிடும். அடுப்புக்கு மேல் தட்டு என்பது இன்னும் மோசம், சோறு வடிக்கும்போது எழும் ஆவி முழுவதும் அங்கேதான் போகிறது. அம்மாவின் தூளில் பிழை இல்லை, நாங்கள் வைத்த இடத்தில்தான் பிழை.

எதில் கூடுதல் கவனம்

எல்லாச் சரக்கும் ஒரே மாதிரி இல்லை. விதை, கொட்டை, கிழங்கு, வேர் ஆகியவற்றில் ஆபத்து அதிகம், இலையிலும் பூவிலும் பொதுவாகக் குறைவு. வேர்க்கொம்பு, மஞ்சள், சாதிக்காய், திப்பிலி, அதிமதுரம், வற்றல் மிளகாய், பாக்கு, இவற்றைக் கண்டால் நிதானமாகப் பாருங்கள். அதிமதுரத்தில் ஒக்ராடொக்சின் பிரச்சினை பல நாடுகளில் தெரிந்தது, ஐரோப்பாவில் அதற்கென்றே வரம்பு வைத்திருக்கிறார்கள். அது நம் நாட்டில் விளைவதும் இல்லை, வெளியில் இருந்து கப்பலில் வருகிறது, கொள்கலனுக்குள் எத்தனை நாள் வேர்த்தது என்று நமக்குத் தெரியாது. கல்லீரலுக்கு நல்லது என்று மாத்திரையாக விற்கும் மில்க் திசில் விதையிலும் வெளிநாட்டுச் சோதனைகளில் வேறு வகைப் பூஞ்சண நஞ்சுகள் மிக அதிகமாகக் கிடைத்திருக்கின்றன. அதை வாங்கித் தொடர்ந்து எடுக்கிறவர்கள் சோதனை அறிக்கை வெளியிடும் தயாரிப்பாளரிடம் மட்டும் வாங்குங்கள்.

மருந்தின் வடிவத்தையும் பாருங்கள். சூரணமும் லேகியமும் என்றால் சரக்கை அப்படியே விழுங்குகிறோம், அதில் உள்ளது முழுவதும் உள்ளே போகும். கசாயம் என்றால் ஒரு பங்குதான் தண்ணீரில் இறங்கும், மீதி சக்கையோடு போய்விடும். கசாயம் பாதுகாப்பு என்று இதற்கு அர்த்தம் இல்லை, அதே பழுதான சரக்கைத் தூளாக்கித் தின்றால் இன்னும் கெடுதல் என்று அர்த்தம். மருந்தெண்ணெய் காய்ச்சுகிறவர்களுக்கு ஒன்று: 2021 சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னர் இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் அஃப்லாடொக்சின் பிடிபட்டு நாடே பேசியது நினைவிருக்கும். பூஞ்சணம் பிடித்த கொப்பரையில் இருந்துதான் அது எண்ணெய்க்குள் வருகிறது. ஆகவே சரக்கை மட்டும் பார்த்துவிட்டு எண்ணெயை விட்டுவிடாதீர்கள்.

வாங்கும்போது

புறக்கோட்டை கபோஸ் லேனுக்குப் போனால் மருந்துச் சரக்குக் கடைகள் வரிசையாக இருக்கும். மழை இல்லாத நாளாகப் பார்த்து, காலையில் போங்கள். கூட்டம் உள்ள கடைக்குப் போங்கள், அங்கே சாமான் வேகமாக மாறும். "இது எப்ப வந்தது?" என்று வெட்கப்படாமல் கேளுங்கள், சலித்துக்கொள்ளாமல் பதில் சொல்கிற கடையை மனதில் குறித்து வையுங்கள். வாய் திறந்த சாக்கில் மேலே இருப்பதை அள்ளிப் போட வந்தால், நடுவில் இருந்து ஒரு பிடி எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். சாக்கு வெறும் சீமெந்துத் தரையில் இருக்கிறதா, பலகைக்கு மேல் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை. தரையோடு இருக்கிற சாக்கின் அடிப்பாகம் எப்போதும் ஈரம்.

தூள் வாங்காதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். முழுச் சரக்கில் குற்றம் கண்ணுக்குத் தெரியும், தூளில் தெரியாது, தவிர தூள் ஈரத்தையும் வேகமாக இழுக்கும். ஒருமுறை ஒரு கடையில் திப்பிலித் தூள் வாங்கிவிட்டு, முழுத் திப்பிலி இருக்கிறதா என்று கேட்டேன். தூளாக்க வைத்திருந்த பெட்டியைக் காட்டினார்கள், பாதித் திப்பிலியில் வெள்ளைப் பஞ்சு. தூளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வேர்க்கொம்பை எப்படிப் பார்ப்பது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மற்றவற்றுக்கும் அதே முறைதான். ஒரு துண்டை எடுத்து இரண்டு கையாலும் ஒடியுங்கள். படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்து, நார் நாராக இழுபட்டால் ஈரம் இருக்கிறது. ஒடிந்த முகத்தைப் பாருங்கள், வெளிறிய மஞ்சளோ இளம் பழுப்போ சரி, நடுவில் கறுப்பு வளையம், சாம்பல் புள்ளி, பச்சைப் படலம் இருந்தால் வேண்டாம். ஒடிந்த இடத்தை மோந்து பாருங்கள், காரமான வாசம் முன்னுக்கு வரவேண்டும். பூச்சி அரித்த ஓட்டை இருந்தால் அதுவும் வேண்டாம், அந்த ஓட்டை வழியாகத்தான் பூஞ்சணம் உள்ளே போகும். சில வேர்க்கொம்புக்குச் சுண்ணாம்பு பூசி வெள்ளையாக்கி விற்பார்கள். புதியவர்கள் அதைப் பூஞ்சணம் என்று நினைப்பதும் உண்டு, பூஞ்சணத்தைச் சுண்ணாம்பு என்று நினைத்து வாங்குவதும் உண்டு. சுண்ணாம்பு முழுவதும் ஒரே சீராக, மாப்போலப் படிந்திருக்கும். பூஞ்சணம் மடிப்புகளிலும் வெட்டு வாயிலும் திட்டுத் திட்டாக, பஞ்சுபோல நிற்கும். எனக்குச் சந்தேகம் வந்தால் பூசாததையே கேட்டு வாங்கிவிடுவேன்.

அளவு குறைவாக வாங்குங்கள். பத்து நாளைக்குக் கசாயம் என்றால் பத்து நாளைக்கான சரக்கு போதும். சித்த மருத்துவத்தில் மருந்துக்கு ஆயுள் சொல்லி வைத்திருக்கிறார்கள்: குடிநீருக்கு, அதாவது கசாயத்துக்கு, ஒரு சாமம் (3 மணி நேரம்), சூரணத்துக்கு 3 மாதம், இளகத்துக்கு (லேகியத்துக்கு) 6 மாதம், எண்ணெய்க்கு 1 வருடம். பழைய கணக்கு என்று ஒதுக்க வேண்டாம். காலையில் காய்ச்சிய கசாயத்தை இரவும் குடிக்கலாம் என்று மேசையில் மூடி வைக்கிற வீடுகளுக்கு அந்த ஒரு சாமக் கணக்கு இன்றும் பொருந்துகிறது.

பெட்டியில் அடைத்த மருந்து, உடனடித் தூள், பஸ்பங்குவ என்ற ஐந்து சரக்குக் கசாயப் பொதி என்று வாங்கினால் தயாரித்தவரின் முகவரி, தொகுதி இலக்கம், தயாரித்த திகதி, காலாவதித் திகதி நான்கும் இருக்கிறதா பாருங்கள். பஸ்பங்குவ பொதியில் மல்லி, வேர்க்கொம்பு, பற்பாடகம், கண்டங்கத்திரி, மரமஞ்சள் ஐந்தும் முழுதாகத்தான் இருக்கும், ஆகவே வாங்கியதும் ஒரு வெள்ளைக் கடதாசியில் கொட்டிப் பார்க்கலாம். பேஸ்புக்கில் யாரோ வீட்டில் செய்து, பெயர் இல்லாத போத்தலில் அனுப்புகிற சூரணத்தை நான் வாங்குவதில்லை, எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சோதனை

எலக்ட்ரோனிக் கடைகளிலும் இணையத்திலும் சிறிய ஈரப்பதமானி மலிவாகக் கிடைக்கிறது, கைக்கடிகார அளவுதான். சரக்கை ஒரு கண்ணாடிச் சாடியில் முக்கால்வாசி நிரப்பி, அந்த மானியை உள்ளே வைத்து, இறுக மூடி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் கண்ணாடி வழியாகவே எண்ணைப் பாருங்கள். 60 க்குக் கீழே என்றால் நிம்மதி. மலிவு மானிகள் ஐந்து வீதம் கூடக் குறையக் காட்டும், அதனால்தான் 65 என்று சொல்லாமல் 60 என்கிறேன். 60 க்கும் 70 க்கும் இடையில் என்றால் மறுபடி காய வைக்க வேண்டும். 70 க்கு மேல் என்றால், அது கடையில் எத்தனை நாள் அப்படி இருந்தது என்று தெரியாதபடியால், நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

காய வைப்பது என்றால் கொழும்பில் பல்கனி வெயிலை முழுதாக நம்ப முடியாது, பின்னேரம் ஒரு மழை வந்தால் காலையில் காய்ந்ததெல்லாம் வீண். மெல்லியதாகப் பரப்பி, காலை பத்து முதல் மூன்று மணி வரை வெயிலில் வைத்து, பொழுது சாய முன்னரே உள்ளே எடுத்து மூடிவிடுங்கள். இரவில் வெளியே விட்டால் பகலில் விட்ட ஈரத்தைத் திரும்பக் குடித்துவிடும். வீட்டில் மின்சார ஒவன் இருந்தால் 50 பாகையில், கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக் காய வைக்கலாம். 60 க்கு மேல் போனால் வாசனை எண்ணெய் பறந்துவிடும். சூட்டோடு சாடியில் போடாதீர்கள், ஆறவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் மூடியில் வேர்த்து அந்தத் துளியே போதும் பூஞ்சணத்துக்கு.

வைக்கும்போது

ரப்பர் வளையம் உள்ள மூடிக் கண்ணாடிச் சாடி, சிறியதாக, பல. பெரிய சாடி ஒன்றை ஒவ்வொரு நாளும் திறந்து மூடினால் ஒவ்வொரு நாளும் கொழும்புக் காற்று உள்ளே போகும். வாங்கிய திகதியை எழுதி ஒட்டுங்கள். சிலிக்கா ஜெல் பொதி ஒன்று உள்ளே போட்டால் நல்லது, சரக்கோடு கலக்காதபடி ஒரு சிறு துணிப் பையில். இடம்: அடுப்பு, கழுவும் தொட்டி, கடல் பக்க யன்னல் மூன்றில் இருந்தும் தள்ளி. ஈரக் கரண்டி போடக் கூடாது, கொதிக்கிற பானைக்கு மேலே போத்தலைக் கவிழ்த்துத் தட்டவும் கூடாது. இரண்டாவது பழக்கம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருந்தது, நிறுத்த ஒரு வருடம் எடுத்தது.

குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வைக்கலாம், இறுக மூடிய சிறு போத்தலில். வெளியே எடுத்தால் அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்கக் கூடாது. குளிர்ந்த போத்தலைத் திறந்த உடனே தூளின் மேல் ஈரம் படியும்.

செய்து பார்த்து ஏமாற வேண்டாம்

கொதிக்க வைத்தால் நஞ்சு போகாது, தண்ணீர் கொதிப்பது 100 பாகையில், அஃப்லாடொக்சின் முழுதாக உடைய அதைவிட மிக அதிகச் சூடு வேண்டும். வறுத்தால் கொஞ்சம் குறையலாம், தீராது, எவ்வளவு குறைந்தது என்று தெரியவும் வழியில்லை. கழுவினால் மேலே உள்ள பொடி போகும், உள்ளே ஊறியது போகாது, தவிர சரக்கு நனைந்துவிடும். நல்லதோடு கலந்து பாவிப்பது நல்லதையும் கெடுப்பது. புற ஊதா வெளிச்ச டோர்ச் வாங்கி அடித்துப் பார்க்கச் சொல்லும் வீடியோக்கள் வருகின்றன. அதில் தெரிகிற பச்சை மஞ்சள் ஒளி பெரும்பாலும் பூஞ்சணம் செய்கிற கோஜிக் அமிலத்தால் வருவது, நஞ்சு இருந்தும் ஒளிராமல் இருக்கலாம், நஞ்சு இல்லாமலும் ஒளிரலாம்.

உண்மையில் தெரிய வேண்டும் என்றால் ஆய்வுகூடம்தான். கொழும்பு 7, பௌத்தாலோக மாவத்தையில் உள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடங்களில் பணம் கட்டிச் சோதிக்கலாம். ஒரு வீட்டுக்கு இது தேவைப்படாது, சிறிதாக மருந்து செய்து விற்கிறவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டும். அவர்கள் ஒரே இடத்தில் ஒரு பிடி எடுத்துக் கொடுத்தால் பயனில்லை, நஞ்சு சாக்கு முழுவதும் ஒரே சீராக இருக்காது, பத்துச் சுத்தமான துண்டுக்கு நடுவில் ஒன்றே ஒன்றில் அவ்வளவும் இருக்கும். பல இடங்களில் எடுத்து, ஒன்றாக அரைத்து, அதில் இருந்து கொடுங்கள். அறிக்கையை ஒப்பிட ஒரு அளவுகோல்: மூலிகை மருந்துக்கு ஐரோப்பிய மருந்து நூல் (மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் நூல்) வைத்திருக்கும் வரம்பு ஒரு கிலோவில் பி1 2 மைக்ரோகிராம், எல்லா அஃப்லாடொக்சினும் சேர்த்து 4. அமெரிக்க நூலில் 5 உம் 20 உம். 2 மைக்ரோகிராம் என்றால் நூறு கோடியில் இரண்டு பங்கு.

கைக்குழந்தையும் தாயும்

பிள்ளைக்கு உரைமருந்து உரைத்துக் கொடுக்கிற வீடுகளில் வசம்பு, கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய், வேர்க்கொம்பு எல்லாம் ஒரு சின்னப் பேணியில் கிடக்கும். பாட்டி காலத்துத் துண்டு, ஒவ்வொரு நாளும் பாலிலோ தண்ணியிலோ உரைத்து, ஈரத்தோடு திரும்பப் பேணிக்குள். மூன்று கிலோ, நாலு கிலோ எடையுள்ள உடம்புக்குள் போகிற மருந்து அது, நம் வீடுகளிலேயே அதிகம் பயமான சாமான் இந்தப் பேணிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கொடுக்கத்தான் வேண்டுமா என்று முதலில் பிள்ளை வைத்தியரிடம் கேளுங்கள். கொடுக்கிறதாக முடிவு செய்தால் புதுத் துண்டு வாங்கி, உரைத்த பிறகு துடைத்து, நன்றாகக் காய வைத்து, வேறு வேறாக வையுங்கள், சாதிக்காயை வெட்டிப் பார்க்காமல் உரைக்காதீர்கள். தாய்க்குச் சரக்குக் கறி வைப்பதானால் தூளை ஒரு கிழமைக்கு மட்டும் அரையுங்கள். பச்சை இஞ்சி, கற்பூரவள்ளி, துளசி போலப் பச்சையாகக் கிடைப்பதைப் பாவிக்க முடிந்த இடத்தில் அதையே பாவித்தால் இந்தத் தொல்லையே இல்லை, அளவை மட்டும் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தொடர்ந்து மருந்து எடுக்கிறவருக்குக் கண் மஞ்சளாகி, சாப்பாடு பிடிக்காமல், சிறுநீர் கடும் நிறமாகப் போனால் மருந்தை நிறுத்தி அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், எடுத்த சரக்கின் மிச்சத்தையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பழுதானதைக் கண்டால்

ஊதாதீர்கள், கிட்ட வைத்து மோக்காதீர்கள், அந்தத் தூசியும் நெஞ்சுக்குக் கூடாது. மூக்கை மூடிக்கொண்டு இரண்டு பைக்குள் கட்டிக் குப்பையில் போடுங்கள். கோழிக்கும் மாட்டுக்கும் கொட்டாதீர்கள், முட்டையிலும் பாலிலும் நம்மிடமே திரும்பி வரும். சாடியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கொதிநீர் ஊற்றி, ஒரு முழு நாள் வெயிலில் கவிழ்த்து வையுங்கள், மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றித் தனியாகக் கழுவ மறக்க வேண்டாம், பழைய தூள் ஒளிந்திருப்பது பெரும்பாலும் அந்த வளையத்துக்குக் கீழேதான்.